காக்காய் தொட்ட கணக்கு

காலை ஏழு மணிக்கெல்லாம் அடையாறு பார்க்கில் வந்து பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்று நம் செட்டில் எல்லோரும் என்னைக் கேலி செய்கிறீர்கள். "ஓய், வீட்டில் உமக்குக் காப்பி கொடுக்கிறார்களா இல்லையா?" என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார். காப்பியெல்லாம் வேளாவேளைக்குக் கிடைக்கிறது. விஷயம் வேறு. என் மாட்டுப்பெண் காலையில் சாதம் வடித்ததும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க் காக்காயைக் கூப்பிடுவாள். அந்தச் சமயத்தில் என்னால் வீட்டில் இருக்க முடியாது, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அப்பாவின் திவசத்திலும் இதே கூத்துதான். பிண்டத்தை வைத்துவிட்டுக் காக்காயைக் கூப்பிட வேண்டியவன் மூத்த பிள்ளையான நான். என் தம்பிதான் வருஷா வருஷம் கூப்பிடுகிறான். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று உறவில் ஒரு பேர் ஆகிவிட்டது. நம்பிக்கை இல்லாதவனாக இருந்தால் எனக்கு என்ன கஷ்டம்? நான் ஒரு காலத்தில் காக்காயை எவ்வளவு நம்பினேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், தம்பி, சித்தப்பா, சித்தி, இவர்களோடு அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து பிறந்தகத்துக்கு வந்துவிட்டவள். வீட்டை அவள்தான் நடத்தினாள். அப்பா ஆபீசில் எத்தனை பேரை அதட்டினாரோ தெரியாது, வீட்டில் அத்தை சொன்னதற்குத் தலையாட்டுவார். சித்தப்பாவோ அத்தை எதிரில் உட்காரக்கூட மாட்டார்.

வீட்டின் கடைசியில் கிணற்றங்கரை. அதை ஒட்டி ஒரு சின்ன அறை, கிணற்றைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல். மாதத்தில் மூன்று நாள் அம்மாவோ சித்தியோ அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அவர்களைத் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டால், "காக்கா தொட்டுடுத்து" என்பார்கள். காக்காய் தொட்டால் தீட்டு, நாலாம் நாள் தலைக்குக் குளித்தால் சரியாகிவிடும். எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. காக்காய் ஏன் அப்பாவையும் சித்தப்பாவையும் தொடுவதில்லை என்று ஒரு தடவை கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினேன், அதோடு சரி.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நான்காம் பாரம், இந்தக் காலத்து ஒன்பதாம் வகுப்பு, படிக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்றுதானே? எனக்கு அப்போது பதினொன்று முடிந்து பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. மனப்பாடம் செய்வதில் புலி என்று நடுவில் ஒரு வகுப்பைத் தாண்டவைத்து மேலே தள்ளிவிட்டார்கள். வகுப்பில் மீசை முளைத்தவர்கள் நடுவே நான் ஒரு பொடியன். அவர்கள் பேசுகிற பேச்சு எனக்குப் புரியாது, அவர்களும் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தவிர, மனப்பாடம் மற்றப் பாடங்களுக்குச் சரி, பௌதிகத்துக்கு உதவவில்லை. அந்த வருஷம் கரண்ட்டைப் பற்றிப் பாடம். பாட்டரி, கம்பி, பல்பு என்று படம் போட்டு, தடைக்கு ஓம், அப்புறம் வோல்ட், ஆம்பியர் என்று கணக்குக் கொடுப்பார்கள். தினம் வீட்டுக்கணக்கு. எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம். திரும்பத் திரும்ப உரக்கப் படித்தால் எப்படியாவது புரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு கணக்கைக் கத்திக்கொண்டிருந்தேன். இரண்டு வோல்ட் பாட்டரி. நாலு ஓம் கம்பி ஒன்று, ஆறு ஓம் கம்பி ஒன்று, இரண்டையும் ஒன்றன் வாலில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. கரண்ட் எவ்வளவு?

"பாயிண்ட் டூ ஆம்பியர்" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

சித்தி! புஸ்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்தேன். பாயிண்ட் டூ.

"எப்படி சித்தி?"

"நாலும் ஆறும் பத்து. ரெண்டைப் பத்தால வகுத்தா என்ன? இதுக்கா இவ்வளவு கத்தல்? அடுத்த கணக்கைப் படி."

சித்திக்கு அப்போது இருபது, இருபத்தொன்று இருக்கும். செங்கல்பட்டுக்காரி. எஸ்.எஸ்.எல்.சி.யில் பௌதிகம் எடுத்துப் பாஸ் பண்ணியவள். காலேஜில் சேர அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்த சமயத்தில் சித்தப்பாவின் ஜாதகம் பொருந்திவிட்டது. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. அத்தை இதைப் பற்றி ரகசியமாகவெல்லாம் பேச மாட்டாள். "இந்த வருஷமும் பார்ப்பேன். இல்லேன்னா கும்பகோணத்துல ஒரு பொண்ணு இருக்கு, ஜாதகம்கூட வந்தாச்சு" என்று சித்தி பரிமாறிக்கொண்டிருக்கும்போதே சொல்லுவாள். இன்னொரு பெண்டாட்டி கட்டிக்கொள்வதைத் தடுக்க அப்போது சட்டம் கிடையாது. சித்தப்பா இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். சித்தி ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போவாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. புஸ்தகம் சரஸ்வதி, அறையில் இருக்கும்போது அவள் தொடக்கூடாது. அதனால் நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கணக்கைப் படிப்பேன். வெந்நீர் அடுப்பிலிருந்து கரித்துண்டு பொறுக்கி ஜன்னல் வழியாகப் போடுவேன். அவள் சிமெண்டுத் தரையில் பாட்டரியும் கம்பியும் பல்புமாகப் படம் போட்டு, பக்கத்திலேயே கணக்கையும் போடுவாள். நான் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அதைப் பார்த்து எழுதிக்கொள்வேன்.

சித்தி எனக்குக் கற்றுக்கொடுத்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு அந்தப் பொறுமையே கிடையாது. ஏன் இப்படி என்று கேட்டால், "அதான் போட்டாச்சே, எழுதிக்கோ. அடுத்தது என்ன?" என்பாள். பசித்தவன் இலையைப் பார்ப்பதுபோல் என் வாயைப் பார்ப்பாள். வாத்தியார் கொடுத்த கணக்குகள் தீர்ந்துவிட்டால் அவள் முகம் வாடிவிடும். "அவ்வளவுதானா? பின்னாடி பக்கத்துல இருக்கிறதையும் படியேன்" என்று கெஞ்சுவாள். நானும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் படித்துக்கொண்டே இருப்பேன். கரி அப்பிய விரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் கணக்குப் போடுகிற அழகை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஒரு கணக்கு. ஒரு வீட்டில் நாற்பது வாட் பல்பு ஐந்து, தினம் நாலு மணி நேரம் எரிகிறது, முப்பது நாளைக்கு எத்தனை யூனிட்? "இருபத்துநாலு" என்றாள் சித்தி, கரியை எடுக்காமலேயே. பிறகு தலையைத் தூக்கி அறையின் பல்பைப் பார்த்து, "அஞ்சு பல்பா! எந்த ஊர் ராஜாவோட அகம்டா அது?" என்று சிரித்தாள்.

அந்த அறைப் பல்பின் கதையையும் சொல்லவேண்டும். யுத்த காலத்தில் இருட்டடிப்புக்காகச் சுற்றிய பழுப்புக் காகிதம் யுத்தம் முடிந்தும் அதன்மேல் அப்படியே இருந்தது. சுவிட்ச் அறைக்கு வெளியே, சமையலறைத் தாழ்வாரத்தில். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வெளியே வந்து அதைத் தொடக்கூடாது. அதே கம்பி பூஜையறைக்கும் போகிறது, தீட்டும் அதன் வழியாகவே போய்விடும் என்பது அத்தையின் தீர்ப்பு. அதனால் சாயங்காலம் சுவிட்சைப் போடுவது என் வேலை. நான் விளையாடப் போய் மறந்துவிட்டால் சித்தி இருட்டில் உட்கார்ந்திருப்பாள்.

இந்தத் தீர்ப்பு பள்ளிக்கூடம் வரை போய் என் மானத்தை வாங்கியது. எதெதில் கரண்ட் பாயும், எதெதில் பாயாது என்று எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் சித்தி அடுப்படியில் இருந்தாள், கேட்க ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே பாய்ச்சல் தீட்டுதான். பருத்தித் துணியில் பாயும், ஆகவே அதைத் தொட்டால் குளிக்கவேண்டும். பட்டிலும் கம்பளியிலும் பாயாது. இப்படி அத்தையின் சட்டத்தை அப்படியே எழுதிக்கொண்டு போனேன். பௌதிக வாத்தியார் படித்தார். பட்டும் கம்பளியும் சரி. பருத்தியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஏண்டா, உங்காத்துல வேட்டியில கரண்ட் வர்றதா?" என்றார். வகுப்பே சிரித்தது. அடுத்த தடவை அறைக்கு வந்தபோது சித்தியிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அத்தையோட கரண்ட்டுக்கு ஓம் கிடையாதுடா" என்றாள்.

நாலாம் நாள் விடிகாலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் அவளே தரையைத் தேய்த்துவிடுவாள். பாட்டரி, பல்பு, கணக்கு எல்லாம் கறுப்புத் தண்ணீராகச் சாக்கடைக்குப் போகும். பிறகு அடுப்பு, அரைக்கல், அத்தைக்கு மடியாக, யார் மேலும் படாமல், தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, இதற்கே பொழுது சரியாக இருக்கும். கணக்கும் கையுமாக நான் பக்கத்தில் போனால், "அடுப்படியில என்னடா படிப்பு?" என்று அத்தை விரட்டுவாள். ஆகவே என் பௌதிகம் மாதத்தில் மூன்று நாள்தான் பிரகாசிக்கும். அம்மாவையும் காக்காய் தொடுவதுண்டு, ஆனால் அம்மாவுக்குப் பால் கணக்கே தகராறு. வாத்தியார் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாசத்துல மூணு நாள் மேதை, பாக்கி நாள் மாடு. உனக்கு மூளை அமாவாசையில வர்றதா, பௌர்ணமியில வர்றதா?" என்று கேட்டார். எனக்கும் கேட்கத் தோன்றியது, காக்காய் எந்தத் திதியில் வரும் என்று.

ஐப்பசியில் சித்தியைக் காக்காய் தொடவில்லை.

நான் தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே கொல்லைக்குப் போய் அறையைப் பார்ப்பேன். பூட்டியிருக்கும். கார்த்திகையும் வந்தது, காக்காய் வரவில்லை. வீட்டில் திடீரென்று எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அத்தை பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தாள். சித்தியைக் குடம் தூக்கக்கூடாது என்றாள். சித்தப்பா லஸ் கடைத்தெருவிலிருந்து வரும்போது காகிதத்தில் சுற்றி எதையோ கொண்டுவந்து சித்தியிடம் கொடுத்துவிட்டு ஓடுவார். கும்பகோணத்து ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். சித்திக்குப் பாப்பா பிறக்கப்போகிறது என்று எனக்கும் சொன்னார்கள். சந்தோஷம்தான். ஆனால் அதற்கும் காக்காய்க்கும் சம்பந்தம் உண்டு என்று எவரும் சொல்லவில்லை.

என் கவலை எனக்கு. அரைப் பரீட்சை மார்கழியில். பௌதிகத்தில் தேறாவிட்டால் திரும்ப மூன்றாம் பாரத்தில் உட்காரவைத்துவிடுவேன் என்று ஹெட்மாஸ்டர் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா பெல்ட்டை எடுத்து ஆணியில் மாட்டிக் காட்டினார். பாடமோ கம்பிகளைப் பக்கத்துப் பக்கத்தில் சேர்க்கிற இடத்துக்கு வந்திருந்தது. சித்தி அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பூனை மாதிரிப் போய், "சித்தி, ஒரே ஒரு கணக்கு" என்றேன்.

"அத்தை பார்த்தா வையப் போறா. காக்கா தொடாம எப்படிடா?" என்று கண்ணைச் சிமிட்டினாள். முகமெல்லாம் பூரிப்பு. பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் கணக்குப் போட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள். சொன்னவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு வழி பிறந்துவிட்டது. காக்காயை நான்தான் வரவழைக்க வேண்டும்.

கிணற்றடியில் துணி துவைக்கிற கல். குளித்துவிட்டுச் சித்தி தலை துவட்டுவது அங்கேதான். அந்தக் கல்லில் தினமும் ஒரு பிடி சாதம் வைத்தேன். ரேஷன் அரிசிக் காலம் என்பதை நம் வயசுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். இலையில் ஒரு பருக்கை மீந்தால் அத்தை காதைத் திருகுவாள். அதனால் என் பங்கிலிருந்தே, மோர் சாதத்தை உருட்டி டிராயர் பைக்குள் போட்டுக்கொண்டு கொல்லைக்கு ஓடுவேன். அடைமழைக் காலம், காக்காய்களும் பட்டினி. இரண்டே நாளில் பழகிவிட்டன. பிறகு நான் கொல்லைக் கதவைத் திறந்தாலே மதில்மேல் வந்து வரிசையாக உட்காரும். "கா, கா, சித்தியைத் தொடு" என்று சின்னக் குரலில் சொல்லுவேன். கபாலி கோவிலில் ஒரு வேண்டுதலும் செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது நடந்தது. மழை விட்டிருந்தது. கல்லைச் சுற்றிலும் பாசி. சாதத்தை வைத்துவிட்டுக் குளிக்கிற அறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி ஈரத் தலையோடு வந்தாள். நாலைந்து காக்காய் ஒரே சமயத்தில் கல்லில் இறங்கின. ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு போயிற்று, என் கண்ணால் பார்த்தேன். அவள் கையை வீசிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கால் வழுக்கியது. தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடிப்போனேன். அவள் அதற்குள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லைடா. அத்தைகிட்ட சொல்லாதே, ஊரைக் கூட்டிடுவா" என்று சிரித்தாள்.

விழுந்ததை நான் சொல்லவில்லை. என் நினைப்பில் விழுந்தது ஒரு விஷயமே இல்லை. நேரே சமையலறைக்கு ஓடி, "அத்தை! சித்தியைக் காக்கா தொட்டுடுத்து!" என்று கத்தினேன்.

அத்தை கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முகம் வெளுத்துவிட்டது. கொல்லைக்கு ஓடினாள். சித்தியிடம் என்னவோ கேட்டாள். சித்தி இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். அத்தை திரும்பி வந்து, மடியையும் பாராமல் என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "நாக்குல சனி! நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்தை சொல்றது பார், சனியன்!" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொட்டதை நான் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னதற்கு அடியா?

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு சத்தமே இல்லாமல் இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொல்லைப்பக்கம் போகாதே" என்றாள். போகாதே என்றால் போகாமல் இருப்பேனா? சுற்றிக்கொண்டு போனேன். அறை திறந்திருந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! இந்த எழுபத்தைந்து வயசில் அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் எங்கேயாவது போய் மறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"சித்தி! காக்கா தொட்டுடுத்தா? நல்லவேளை! நாளன்னிக்குப் பௌதிகப் பரீட்சை" என்றேன்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தான் வரவழைச்சேன் சித்தி. தினம் துவைக்கிற கல்லுல சாதம் வச்சேன். என் சாதம்தான். நீ கணக்குப் போட்டு ரொம்ப நாளாச்சுன்னு சொன்னியோல்லியோ?"

சித்தி எழுந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே கஷ்டப்பட்டாள். ஜன்னல் கம்பி வரைக்கும் கையைக் கொண்டுவந்து, தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"நீ வச்ச சாதத்தால இல்லைடா கண்ணா. காக்கா வரணும்னா தானாவே வரும். இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதே. கொன்னுடுவா உன்னை" என்றாள். பிறகு, "கரி கொண்டுவந்திருக்கியா?" என்று கேட்டாள்.

கொண்டுவந்திருந்தேன். ஆறு வோல்ட் பாட்டரி. இரண்டு ஓம், மூன்று ஓம், ஆறு ஓம், மூன்று கம்பியையும் பக்கத்துப் பக்கத்தில் சேர்த்திருக்கிறது. படித்தேன். அவள் படம் போட்டாள். எப்போதும் கோடு விறுவிறுவென்று ஓடும். அன்று ஒரு கம்பி போட்டுவிட்டு நிறுத்துவாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவாள், பிறகு அடுத்த கம்பி. "சீக்கிரம் சித்தி, வெளிச்சம் போறது" என்றேன். ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டும் வந்தேன். மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு ஓம்தான், கரண்ட் ஆறு ஆம்பியர் என்று எழுதினாள். அடுத்தது என்ன என்று அன்று அவள் கேட்கவில்லை. நானே படித்துக்கொண்டு போனேன். பாவி, புஸ்தகத்தில் பாக்கி இருந்த எல்லாவற்றையும் படித்தேன். எல்லாவற்றையும் போட்டாள்.

மறுநாள் காலையில் லேடி டாக்டர் வந்தாள். நான் பள்ளிக்கூடம் கிளம்பாமல் தாழ்வாரத்தில், சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். அறைக்கதவு திறந்தே இருந்தது. அத்தை, அம்மா, சித்தப்பா எல்லோரும் வாசற்படியில்.

"எங்கேயாவது கீழே விழுந்தாங்களா? குடம் தூக்கினாங்களா?" என்று டாக்டர் கேட்டாள்.

"ஒரு சொம்பு தூக்க விடலை நான். தரையில கால் படாம வச்சிண்டிருந்தேன்" என்றாள் அத்தை.

"நீ சொல்லும்மா. வழுக்கி விழுந்தியா?"

சித்தி அத்தையைத் தாண்டி என்னைப் பார்த்தாள். விழுந்தேன் என்று அவள் சொன்னால், எங்கே என்று கேட்பார்கள். துவைக்கிற கல் என்றால், காக்காய் ஏன் அங்கே கூடுகிறது என்று கேட்பார்கள். இத்தனையையும் நான் அப்போது யோசித்துப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கீழே விழுவது பெரிய விஷயம் என்று டாக்டரின் குரலிலேயே தெரிந்துவிட்டது. டிராயர் பையில் ஒட்டியிருந்த மோர் சாதம் இன்னும் பிசுபிசுவென்றிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லை" என்றாள் சித்தி.

"விழாம கொள்ளாம தானா கலைஞ்சிருக்குன்னா, உடம்புக்குத் தாங்குற சக்தி இல்லைன்னுதான் அர்த்தம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் பையை மூடினாள்.

அத்தைக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வழுக்கி விழுந்து போயிற்று என்றால் அடுத்த தடவை பார்ப்போம் என்று இருந்திருப்பாள். தாங்காத உடம்பு என்று டாக்டரே சொன்ன பிறகு காத்திருப்பானேன்? தை பிறந்ததும் கும்பகோணத்துக்கு மறுபடி ஆள் போயிற்று.

பரீட்சையில் அந்த மூன்று கம்பிக் கணக்கு அப்படியே வந்தது. வகுப்பில் நான் இரண்டாவது. வாத்தியார் என்னைப் பெஞ்சுமேல் ஏற்றி நிற்கவைத்து, "யார்டா சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டார். "நானேதான் சார்" என்றேன்.

காக்காய் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது காலேஜில் சேர்ந்த பிறகுதான். ஹாஸ்டலில் ஒருவன் வேடிக்கையாக ஏதோ சொல்லப்போக, மற்றவர்கள் சிரித்தார்கள். அன்று நான் சாப்பிடவில்லை. காலேஜில் சரித்திரம்தான் எடுத்துக்கொண்டேன். பியூஸ் போனால் இன்றும் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால், நம் செட்டில் ஒருவருடைய மருமகள் பிரசவ டாக்டர் ஆயிற்றே, அவளிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். "அந்த மாதிரி சும்மா வழுக்கி உட்கார்றதால எல்லாம் கலையாது அங்கிள். அது தானா ஆகறது" என்றாள். இருக்கலாம். அதைக் கேட்டு என் மனசு ஆறவில்லை. சாதம் வைத்ததுகூடப் போகட்டும், குழந்தைப் புத்தி. தாழ்வாரத்தில் நின்ற நான் குழந்தை இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சித்தி அந்த வீட்டில் இருந்திருப்பாள். கொலைகாரன் என்ற பெயர் எனக்கு வராமல் அவள் பார்த்துக்கொண்டாள். மலடி என்ற பெயர் அவளுக்கு வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் ஒரு காலை அவளைச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு தேறட்டும் என்று பேச்சு. தகர டிரங்கு, படுக்கை, வெள்ளிப் பாத்திரம் எல்லாம் வண்டியில் ஏறியதைப் பார்த்தாலே தெரிந்தது, திரும்பி வரப்போவதில்லை. மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் ஜட்கா. சித்தியின் அப்பா முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. வாசலில் அத்தை, அப்பா, அம்மா, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள்.

வண்டிக்காரன் சவுக்கால் சக்கரத்தைத் தட்டினான். "இன்னா சாமி, பேசிக்கினே கீறீங்க? ரயிலு நமக்கோசரம் நிக்குமா?"

சித்தி எல்லோருக்கும் நமஸ்காரம் பண்ணிவிட்டு வண்டியில் ஏறினாள். ஏறியதும் என்னைத் தேடினாள். எல்லோரையும் தள்ளிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போனேன். இதுதான் கடைசிச் சமயம் என்று எனக்குத் தெரியும். காக்காயைப் பற்றித்தான் தெரியாது, அவளை ஏன் அனுப்புகிறார்கள் என்பது அன்று எனக்குத் தெரியும். அத்தை பக்கத்தில் நிற்கிறாள். சித்தி வழுக்கித்தான் விழுந்தாள், நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சித்தி, அப்ப முழுப் பரீட்சைக்கு யார் கணக்குப் போடுவா?" என்றேன்.

வாசலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தைகூடச் சிரித்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே சித்தியும் சிரித்தாள். வண்டி கிளம்பிவிட்டது.